உடற்கு இசைந்த புரதப் பொடி

உண்ணும் பொருள் ஒன்றாயினும் உண்பார் உடல் ஒன்றன்று. ஒருவர்க்கு உரமளிக்கும் பால் மற்றொருவர்க்கு வயிற்றுப் பொருமலைத் தருகின்றது. ஒருவர் சுவைத்துண்ணும் இறால் மற்றொருவர் மேனியில் தடிப்பை எழுப்புகின்றது. இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மூலிகைகளின் பெயரை அடுக்கிச் செல்லாது, உணவின் அளவையும் காலத்தையும் இசைவையும் பற்றியே பெரிதும் பேசுதலை நாம் அறிவோம். ஆயினும் இந்நாளில் உடற்பயிற்சிக் கூடங்களை நாடும் இளைஞர் புரதப் பொடி வாங்கப் புகுங்கால், "எது சிறந்தது?" என்று வினவுகின்றனரேயன்றி, "எது என் உடற்கு இசைந்தது?" என்று வினவுவார் மிகச் சிலரே. முன்னைய வினாவிற்குக் கடைக்காரர் விடை கூறுவர். பின்னைய வினாவிற்கு விடை காணவேண்டியவர் நாமே. அவ்விடையைக் காணும் நெறியை இயன்றவரை எளிதின் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் பெருவழியில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்து சென்றால் எதிர்ப்படுவது எம்மூராகிய தவளக்குப்பம். கிழக்கே நல்லவாடு முதலிய மீனவர் ஊர்கள். தென்மேற்கே பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்வயல்கள். கடலும் வயலும் அணித்தாக அமைந்த இப்பக்கத்தில் மீனும் பருப்பும் மல்லாட்டையும் எளிதிற் கிடைப்பனவே. எனினும் இவ்வூர் வீடுகளிலும், நம் கல்லூரி விடுதியின் அறைகளிலும், புரதப் பொடி நிறைந்த பெரிய டப்பாக்களை இன்று காண்கின்றோம். பகுதி நேரம் உழைத்து ஈட்டிய ஊதியத்தையும், பெற்றோர் திங்கள்தோறும் விடுக்கும் பணத்தையும் அவற்றின்மேற் செலவிடுவோர் நம்முள் உளர். வாங்கிய பொடி உடற்கு ஒவ்வாதாயின் பொருளிழப்பு ஒருபுறம். தம் உடல் பிறர் உடலினும் தாழ்ந்தது போலும் என்னும் மனச்சோர்வு மற்றொருபுறம். பின்னையது முன்னையதினும் கொடிது. ஆதலின் இதனை ஆராய்தல் வீண் ஆராய்ச்சியாகாது.

முதற்கண், புரதம் என்பது யாது எனக் காண்போம். 1838-ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு வேதியியல் அறிஞராகிய முல்டர் என்பார், சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் கூறியவாறு, இப்பொருளுக்குப் 'புரோட்டீன்' எனப் பெயரிட்டு வழங்கினார். 'முதன்மையானது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் தோன்றியது. தசையும் தோலும் குருதியும் செரிமானத்திற்கு வேண்டிய நொதிகளும் புரதத்தால் ஆயவை. புரதமோ அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளை மணிகளைக் கோத்தாற்போலக் கோத்தமைந்தது. அக்கூறுகள் 20 வகைப்படும். அவற்றுள் 9 வகையை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெறுதல் வேண்டும். அரிசியில் லைசின் என்னுங் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறைந்த மெதியோனின் அரிசியிற் போதிய அளவு உண்டு. ஆகவே அரிசியும் பாசிப்பருப்பும் கூடிய பொங்கலும், அரிசியும் உளுந்தும் கூடிய இட்டலியும், வேதியியல் தோன்றுதற்கு முன்னரே நம் அடுக்களையில் நிகழ்ந்த நல்ல சேர்க்கைகள் என்று கூறுதல் மிகையாகாது.

எனினும் நம் நாட்டுணவு எல்லாவற்றானும் நிறைவுடையது என்று பெருமை கொள்ளுதற்கும் இடமில்லை. நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டு இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சி தொடங்கினார். பின்னர் 1920-களில் அவர் ஒரே இனத்து எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைக் கூட்டத்திற்கு ஒன்றாக ஊட்டி வளர்த்தார். முழுக் கோதுமை அப்பமும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்களும், இடையிடையே இறைச்சியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் யாவற்றினும் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்து, பாலும் புரதமும் சுருங்கிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. எலிகளின் இனம் வேறுபடவில்லை, வேறுபட்டது உணவே. ஆதலின் இது மக்களினத்தின் உயர்வு தாழ்வைக் காட்டுவதன்று. தட்டின் நிறைவு குறைவையே காட்டுவது. குன்னூரில் தொடங்கிய அவ்வாராய்ச்சி நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்த ஒருவர்க்கு உடலெடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோகிராம் எடையுள்ள மாணவர்க்கு இஃது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். இதனை உணவிலே எண்ணிப் பார்ப்போம். 300 கிராம் அரிசியிற் சுமார் 23 கிராம். 50 கிராம் பருப்பிற் சுமார் 11 கிராம். 300 மில்லிலிட்டர் பாலிலோ தயிரிலோ சுமார் 10 கிராம். ஒரு முட்டையிற் சுமார் 6 கிராம். கூட்டினால் 50 நிறைகின்றது. பொடி ஒரு கரண்டியும் இதிற் சேரவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆயின் சாம்பாரிற் பருப்பைத் தேடிக் காணவேண்டிய நிலையும், முட்டையும் பாலும் வாரத்தில் ஒரு நாளே வரும் நிலையும் உள்ளவிடத்து இக்கணக்குப் பொய்த்துவிடும். விடுதியில் வாழ்வோர் இதனை நன்கறிவர்.

கடும்பயிற்சி செய்வார்க்கு ஒரு கிலோகிராமுக்கு 1.2 முதல் 2.0 கிராம் வரை வேண்டும் என விளையாட்டு மருத்துவ அறிஞர் கூறுப. முதியோர், நோயினின்று தேறுவோர், பசி குன்றியோர் ஆகியோர்க்கும் சிற்றளவில் மிக்க புரதம் தரும் உணவு துணையாகும். இவர்க்குப் பொடி பயன்படலாம். ஏனையோர் முதலில் தம் ஒருநாள் உணவை மேற்கூறியவாறு எண்ணிப் பார்த்துப் பின்னரே கடையை நாடுதல் தகும். உடலைப் பெருக்கும் பொருட்டுப் புரதப் பொடிகளை உண்ணுதல் தவிர்க்கத்தக்கது என்றே 2024-இல் அந்நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிமுறைகள் அறிவுறுத்துகின்றன.

இனி, வேண்டும் என்று துணிந்தார்க்குரிய ஆராய்ச்சியைத் தொடங்குவோம். கடைகளில் மிகுதியாக விற்பது 'வே' என்னும் பாற்புரதப் பொடி. வீட்டிற் பன்னீர் செய்யுங்கால், பால் திரைந்து கட்டியானபின் துணியின் வழியே பசுமை கலந்த நீர் வடிதலைக் கண்டிருப்போம். அந்நீரே வே. மேனாடுகளிற் பாற்கட்டி செய்வோர் ஒருகாலத்தில் அதனைக் கழிவெனக் கொட்டினர், பன்றிகளுக்கு ஊட்டினர். பின்னர் நுண்ணிய சவ்வுகளின் வழியே வடித்து உலர்த்தும் முறை தோன்றவே, கழிவு விலையுயர்ந்த பண்டமாயிற்று. பசும்பாற் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வே. எஞ்சிய நான்கு பங்கு, கட்டியாகத் திரளும் கேசின்.

டப்பாவின்மேல் மூன்று பெயர்களைக் காணலாம். 'கான்சென்ட்ரேட்' என்பது ஓரளவு வடித்தது. நல்ல வகையில் நூற்றுக்கு 80 பங்கு வரை புரதம் இருக்கும். பாற்சர்க்கரையாகிய லாக்டோஸும் சிறிது எஞ்சி நிற்கும். 'ஐசொலேட்' என்பது மேலும் வடித்தது; புரதம் நூற்றுக்கு 90 பங்கை எட்டும்; லாக்டோஸ் மிகக் குறைவு. 'ஹைட்ரலைசேட்' என்பது நொதிகளாற் புரதத்தைச் சிறு துண்டுகளாக முன்னரே அறுத்தது. அத்துண்டுகள் இயல்பிற் கசப்புடையன. பெயர் புதுமையையும் விலை உயர்வையும் கண்டு மயங்காது, இம்மூன்றன் வேறுபாட்டை மனத்திற் கொண்டால், நமக்கு இசைந்தது எது என்பது தெளிவாகத் தொடங்கும்.

ஈண்டு இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒன்று பாற்சர்க்கரை செரியாமை. மற்றொன்று பாற்புரத ஒவ்வாமை. இவை ஒன்றெனக் கருதுதல் பலர்க்கும் இயல்பு. ஆயின் இரண்டும் வேறு.

குழவிப் பருவத்தில் யாவர் வயிற்றிலும் லாக்டேஸ் என்னும் நொதி சுரந்து பாற்சர்க்கரையை அறுக்கின்றது. பால்குடி மறந்தபின் உலக மக்களிற் பெரும்பாலார்க்கு அச்சுரப்பு மெல்லக் குறைந்துவிடும். சில இனத்தார்க்கு மட்டுமே அது வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்றது. இந்தியாவில் அவ்வியல்பு வடமேற்கில் மிகுந்தும், தெற்கும் கிழக்கும் நோக்கி வருங்காற் குறைந்தும் காணப்படுகின்றது. செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து ஆங்குள்ள நுண்ணுயிர்களாற் புளித்து வளியை எழுப்புகின்றது, வயிறு பொருமுகின்றது, சிலர்க்குக் கழிச்சலும் உண்டாகின்றது. இது நோயென்று கூறத்தக்கதன்று. மனித உடலின் பழைய இயல்பே. தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை முன்னரே உண்டுவிடுதலால், பால் ஒவ்வாத பலர்க்கு மோர் ஒத்துக்கொள்கின்றது.

எம்மூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் இவ்வியல்பை அறியாது ஓராண்டு வருந்தியதை யாம் அறிவோம். அவர் கான்சென்ட்ரேட் பொடியை நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் பெரிய டம்ளர்ப் பாலிற் கலந்து பருகிவந்தார். வயிறு ஓயாது பொருமியது. வேலையிடத்தில் வெட்கமுற நேர்ந்தது. பயிற்சி தருவாரிடம் கூறியபோது, "பழகிவிடும் தம்பி, விடாமல் குடி" என்ற விடையே கிடைத்தது. உடன் பயில்வார் யாவரும் அதே பொடியை இடரின்றிப் பருகுதலைக் கண்டு, தம் உடலே உரமேறுதற்குத் தகுதியற்றது என்று முடிவு செய்து, பயிற்சியையே கைவிட்டார். பின்னர் மருத்துவர் ஒருவர், "தம்பிக்கு மோர் ஒத்துக்கொள்கிறதா?" என்று ஒரே ஒரு வினாவை எழுப்பியபோதுதான் உண்மை விளங்கிற்று. பாலை நிறுத்தி, முட்டையும் கடலையும் பருப்பும் மிகுத்து உண்டார், பொருமல் ஒழிந்தது, பயிற்சிக்கும் மீண்டார். அவர் இழந்தவற்றுட் பணம் சிறிது. தம் உடலின்மேற் கொண்டிருந்த நம்பிக்கையை ஓராண்டுக் காலம் இழந்ததே பெரிது.

இவ்வியல்புடையார்க்கு ஐசொலேட் வகை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதனையும் பாலிற் கலவாது நீரிற் கலந்து பருகுதல் வேண்டும். ஆயின் பாற்புரத ஒவ்வாமை உடையாரின் நிலை முற்றிலும் வேறு. அவர் உடலின் காவல் ஆற்றல் பாற்புரதத்தையே பகையெனக் கொண்டு எழுகின்றது. மேனியில் தடிப்பும் அரிப்பும், உதடும் நாவும் வீங்குதலும், வாந்தியும், மூச்சுத் திணறலும் தோன்றலாம். உயிர்க்கும் இறுதி நேரலாம். எத்துணை வடித்தாலும் ஐசொலேட்டும் பாற்புரதமே. ஆதலின் இவர்க்கு வே எவ்வகையினும் ஆகாது. வீட்டிற் சிறிது உண்டு பார்ப்போம் என்னும் துணிவும் ஆகாது. மருத்துவரை அடைந்து ஆராய்ந்தறிதலே நெறி.

பால் விலக்கியார்க்கு முட்டை வெண்கருப் பொடியும் பயிர்வகைப் பொடிகளும் உள. முட்டைப் பொடி சிறந்த புரதமாயினும் அதன் மணம் சிலர்க்கு உவர்ப்பாகாது. முட்டை ஒவ்வாமை உடையார் அதனைத் தொடுதல் கூடாது. சோயாப் பொடியில் 9 வகை அமினோ அமிலங்களும் நல்லளவில் உண்டு. பச்சை அவரையை ஒத்த மணமே அதன் குறை. அதற்கும் ஒவ்வாமை உடையார் உளர். பட்டாணிப் பொடி லைசின் மிக்கது. மண்வாடை சிறிது வீசும். அரிசிப் புரதப் பொடி நாவிற்கு நறநறப்பாயினும் ஒவ்வாமை தருதல் அரிது. லைசின் குறைவாதலின் பட்டாணியொடு கூட்டி விற்கின்றனர். பொங்கலின் நுட்பமே இங்கும் பயில்கின்றது என்பது கருதற்பாலது.

மல்லாட்டையைப் பற்றித் தனியே கூறவேண்டும். மணிலாக்கொட்டை என்னும் பெயரே எம் பக்கத்து வழக்கில் மல்லாட்டை எனத் திரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எண்ணெய்க்கும் சவர்க்காரத்திற்குமாகப் புதுச்சேரித் துறைமுகத்தினின்று பிரான்சு நாட்டு மார்செய் நகருக்கு இது மிகுதியாகக் கப்பலேறியது. இதன் எடையில் நான்கில் ஒரு பங்கு புரதம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கும் வறுத்த கடலை மாவு ஒரு பங்கும் கூட்டி, உயிர்ச்சத்துக்களும் சேர்த்து, ஏழை மக்களுக்கென ஒரு புரத உணவுப் பொடியை ஆக்கியது. ஆகவே புரதப் பொடி என்பது மேனாட்டார் தந்த புதுமை என்று எண்ணுதற்கில்லை. ஆயினும் நிலக்கடலை ஒவ்வாமை மிகக் கொடியவற்றுள் ஒன்று. அஃதுடையார்க்கு ஒரு துகளும் நஞ்சாகலாம்.

அடுத்து, சுவையின் பகுதியைக் காண்போம். சுவை சிறு பொருள் என்று தள்ளற்க. நா வெறுக்கும் பொருளை ஒரு திங்களுக்கு மேல் உண்பார் இலர், டப்பாவின் அடியில் எஞ்சிக் கட்டிபடும் பொடியே அதற்குச் சான்று. புரதத்தின் இயற்சுவையை மறைக்கவே சாக்லேட், வெனிலா முதலிய மணங்களையும், சுக்ரலோஸ், அசெசல்பேம், சீனித்துளசிச் சாறு ஆகிய இனிப்புக்களையும் சேர்க்கின்றனர். சிலர் நாவில் இவற்றின் இறுதியிற் கசப்போ உலோகச் சுவையோ நிற்கும். மால்டிட்டால், சார்பிட்டால் என்னும் இனிப்புக்களும், இனுலின் என்னும் நார்ப்பொருளும் வயிற்றிற் புளித்து வளியை எழுப்பும். ஆகவே ஐசொலேட் பருகியும் பொருமல் தீராதார், புரதத்தின்மேற் பழி சுமத்துமுன் இனிப்பின் பெயரைப் படித்தல் நன்று. இனிப்பை விரும்பாதார்க்கு மணமும் இனிப்பும் சேராத பொடியே தக்கது. அதனை உப்பிட்ட மோரிலோ ஆறிய கேழ்வரகுக் கூழிலோ கலந்தால் நம் நாவிற்குப் பழகிய சுவையே நிலவும். கொதிக்கும் நீரிலோ பாலிலோ வே பொடியை இட்டால் அது திரைந்து கட்டிபடும். ஆறியபின் கலத்தல் வேண்டும்.

இனி, டப்பாவின் புறத்தெழுதியவற்றைப் படிக்கும் முறை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் உள்ளனவா என முதலிற் காண்க. 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பசையம் உடைய தானியம், இறால் நண்டு முதலியன, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் பிற கொட்டைகளும், சோயா, அளவிற்கு மேற்பட்ட சல்பைட்டு ஆகியவை பொருளில் இருப்பின் அதனை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். 'இன்னதன் சிறு துகள் இருக்கக்கூடும்' என்னும் வரியையும் கூர்ந்து நோக்குக. அதன் பொருளை அறிய நம்மூர் மாவு மில்லிற்குச் சென்றாற் போதும். நமக்கு முன் வந்தவர் கோதுமை அரைத்திருப்பின், நம் அரிசி மாவின் முதற்பிடியில் அக்கோதுமை கலந்தே வீழும். பெருந்தொழிற்சாலைகளிலும் ஒரே இயந்திரத்திற் பல பண்டங்களை அரைத்து அடைப்பதால் அவ்வாறே நிகழ்கின்றது. வீட்டிற்கென அரைக்கும் சத்துமாவிற்கும் இது பொருந்தும். கொடிய ஒவ்வாமை உடையார் இருக்கும் இல்லத்தில் தனியே மிக்சியில் அரைத்துக்கொள்ளுதலே பாதுகாப்பு.

எழுதியது யாவும் உண்மை என்று கொள்ளுதற்கும் இல்லை. புரதத்தின் அளவைக் காண, 1883-இல் டென்மார்க் நாட்டுக் கெல்டால் என்பார் கண்ட முறை இன்றும் வழங்குகின்றது. அது புரதத்தை நேரே அளப்பதன்று; பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து அதனாற் புரதத்தைக் கணக்கிடுவது. ஆகவே நைட்ரஜன் மிக்க மலிவான பொருளைக் கலந்து, புரதம் மிகுந்தது போலக் காட்டுதல் வஞ்சகர்க்கு எளிதாயிற்று. 2008-இற் சீன நாட்டிற் குழந்தைகளின் பாற்பொடியில் மெலமின் கலந்த கொடுமை இவ்வழியே நேர்ந்தது. நம் நாட்டில் விற்கும் 36 பொடிகளைக் கேரளத்து மருத்துவர் முதலியோர் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 70 பங்கை யொட்டியவற்றில் எழுதிய புரத அளவு உண்மையொடு பொருந்தவில்லை. நூற்றுக்கு 14 பங்கில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சும் இருந்தது. இந்நஞ்சு, 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்ட வான்கோழிகள் இலட்சத்திற்கு மேல் மடிந்தபோது வெளிப்பட்டது, ஈரலைக் கெடுப்பது. கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஈரத்தை ஏற்றும் எம்மூர் போன்ற இடங்களில், கடைப்பொடியாயினும் வீட்டுப் பொடியாயினும் இறுக மூடி, உலர்ந்த கரண்டியால் எடுத்து, விரைவிற் செலவிடல் வேண்டும். பூஞ்சை மணம் தோன்றின் விலையைக் கருதாது எறிந்துவிடுக.

கொடிய ஒவ்வாமை இல்லாதார் தமக்கு இசைந்ததைத் தேரும் முறை வருமாறு: முதலிற் சிறு பொட்டலமாக வாங்குக, பெரிய டப்பா வேண்டா. கலவைகள் குறைந்ததும் மணம் சேராததுமான ஒன்றைத் தேர்க. முதல் நாள் அரைக் கரண்டியை நீரில் மட்டும் கலந்து பருகுக. பாலும் வாழைப்பழமும் உடன் சேர்ந்தால், தீங்கு நேருங்கால் குற்றம் எதனதென்று அறிய இயலாது. மூன்று நான்கு நாள் அவ்வாறே பருகி, வயிறு, தோல், உறக்கம் ஆகியவற்றின் நிலையை ஒரு தாளில் குறித்துக்கொள்க. இடரின்றேல் அளவை மெல்ல உயர்த்துக. இடருண்டேல் நிறுத்தி, வயிறு சீராகியபின் வேறு மூலத்தினின்று ஆகிய ஒன்றை இவ்வாறே ஆய்க. ஒரே காலத்தில் இரண்டை மாற்றற்க. உதடு வீங்குதல், மூச்சு முட்டுதல் நேரின் ஆராய்ச்சி அன்றே முடிந்தது. உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். சிறுநீரக நோய் உடையாரும், பிற நோய்க்கு நாளும் மருந்துண்பாரும், மருத்துவரைக் கேளாது எப்பொடியையும் தொடங்குதல் தகாது.

கடைப்பொடியை வாங்க இயலாதார் வருந்தவேண்டுவதில்லை. பொட்டுக்கடலை 100 கிராம், வறுத்த மல்லாட்டை 50 கிராம், முளைகட்டி உலர்த்தி வறுத்த கேழ்வரகு 50 கிராம் ஆகியவற்றைச் சேர்த்தரைத்தால், அம்மாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பங்கு புரதம் இருக்கும். 50 கிராம் மாவில் 9 கிராமுக்குச் சற்று மிகுதி. 30 கிராம் நல்ல வே பொடியில் 24 கிராம் வரை கிடைத்தலை நோக்க இது குறைவே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயின் இதில் நாரும் இரும்பும் சுண்ணச் சத்தும் உடன் வருகின்றன. உள்ளே இருப்பது யாதென்பதும் நம் கண் அறியும். மல்லாட்டை ஒவ்வாதார் அதனை நீக்கிப் பாசிப்பருப்பை வறுத்துச் சேர்க்கலாம். கோதுமை ஒவ்வாதார்க்கு இதில் அச்சமே இல்லை, மில்லைப் பற்றி முன்னர்க் கூறியதை மட்டும் நினைவிற் கொண்டால். கடற்கரை இல்லங்களில் உப்பிடாது உலர்த்திய நெத்திலியை வறுத்திடித்துச் சோற்றிற் பிசைந்துண்ணும் பொடியும் புரதப் பொடியே. அதன் எடையிற் பாதிக்கு மேற்பட்டது புரதம். அதற்கு விளம்பரம் இல்லை என்பதொன்றே குறை.

நண்பர்காள்! பொடி என்பது செறிந்த உணவு. செறிந்தமையால் அதன் நன்மையும் செறிந்து வரும். நம் உடற்கு ஒவ்வாத கூறு அதில் இருப்பின் அதன் தீமையும் செறிந்தே வரும். ஆகவே தேவையை எண்ணிப் பார்த்தல், மூலப்பொருளை அறிதல், எழுதியதைப் படித்தல், சிற்றளவில் ஆய்தல் என்னும் நான்கும் கடைப்பிடிக்கத்தக்கன. உடன்பயில்வார் உண்ணுவது நம் வயிற்றிற்கு ஒவ்வாதாயின், அதனாற் குறை நம் உடலினது என்று கொள்ளற்க. வயிறு தன் மொழியில் ஒன்றைக் கூறுகின்றது. அதனைச் செவிமடுத்து வேறொன்றைத் தேர்வதே அறிவுடைமை. உரம் பெறுதற்கு வழி பலவாதலின், தத்தம் உடற்கு இசைந்த வழியே சென்று யாவரும் நலம்பெற்று வாழ்வோமாக.